பக்கத்துக்கு ஒரு வளையம்

செங்காளிபாளையத்தில் நஞ்சப்பன் தென்னையிலிருந்து விழுந்து இருபத்தொன்பதாம் நாள்தான் தரையைத் தொட்டான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் விழுகிறவனெல்லாம் விழுந்த நிமிஷமே தரைக்கு வந்துவிடுகிறான், அதில் பெருமை பேச என்ன இருக்கிறது என்றுதான் செங்காளிபாளையத்துக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

இத்தனைக்கும் காரணம் எடைமேடைத் திருமூர்த்தி என்று ஊரே சொல்லும், அவனும் மறுத்ததில்லை. தேங்காய் லோடை லாரியோடு சேர்த்து எடை போடுகிற அந்த இரும்பு மேடைக்குப் பக்கத்து அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன் அவன், ஒரு லாரி போய் அடுத்த லாரி வருகிற வரைக்கும் நேரம் கொட்டிக் கிடந்ததால் புத்தகம் படிக்க ஆரம்பித்தவன். அதிலும் விண்வெளிச் சண்டைக் கதைகள் மட்டும்தான். ராக்கெட் கிளம்ப வேண்டும், கிரகம் வெடிக்க வேண்டும், முதல் அத்தியாயத்திலேயே யாராவது யாரையாவது சுட்டுவிட வேண்டும். நடுவில் வர்ணனை வந்தால் பத்தியின் முதல் வரியை மட்டும் தொட்டுவிட்டு, சேற்றைக் கண்டவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விடுவான். இதை அவன் ஒளித்ததும் இல்லை, பெரிய வாசகனுக்கு அதெல்லாம் சகஜம் என்று நினைத்திருந்தான்.

கமலவேணி அக்காவின் வாடகை நூல் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற புத்தகத்தை முதலில் படிக்கிறவர், அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, ஆசிரியர் பெயரைப் பார்ப்பதில்லை, நேரே கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். விஞ்ஞானக் கதைக்கு முதல் வாசகன் திருமூர்த்திதான். "நாலு சண்டை, ரெண்டு கிரகம் காலி, தாராளமாகப் படிக்கலாம்" என்று அவன் எழுதினால் ஊரில் இருந்த பதினொரு விஞ்ஞானக் கதை வாசகர்களும் வரிசையில் நிற்பார்கள், "சுமார்" என்று எழுதினால் அந்தப் புத்தகத்தைக் கரையான்தான் முழுசாகப் படித்து முடிக்கும். முழுசும் படிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அக்கா போட்ட ஒரே விதி. அதைத்தான் அவன் மீறினான்.

அந்தப் புத்தகத்தின் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை, டம்ளர் புஸ்தகம் என்றால் போதும். அட்டையில் ராக்கெட் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு நின்றது, உள்ளேயோ ராக்கெட்டின் புகைகூட இல்லை. எங்கோ ஒரு சின்னஞ்சிறு கிரகத்தில், எல்லாமே மெதுவாக விழுகிற இடத்தில், ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், முதல் பக்கத்தில் அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் நழுவுகிறது, முப்பத்தெட்டாம் பக்கம் வந்த பிறகும் அது அவள் இடுப்பைக்கூடத் தாண்டவில்லை. இடையில் அவள் அம்மாவைப் பற்றி நினைக்கிறாள், சுவரில் படர்ந்த பாசியைப் பற்றி நினைக்கிறாள், வாசலுக்கு வந்து திரும்பிப் போன ஒருவரைப் பற்றி நினைக்கிறாள். டம்ளரைக் கை நீட்டிப் பிடித்துவிடலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திரை வெயில், விசிறி ஓடவில்லை, கலியாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் கஞ்சி ஊற்றியது மாதிரி ஓர் ஏமாற்றம். திருமூர்த்தி முப்பத்தெட்டாம் பக்கத்தோடு நிறுத்தி, லாரி நம்பர் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தான், கடைசிப் பக்கத்தைத் திறந்தான், கோபத்தில் என்ன ஏது என்று பார்க்காமல் பக்கம் முழுக்க எழுதினான். "படு ஏமாற்றம். ராக்கெட் அட்டையோடு சரி. ஒரு டம்ளர் விழ முன்னூத்திப் பன்னெண்டு பக்கமா? யாரும் படிக்க வேண்டாம். தி.மூ." புத்தகத்தைப் படாரென்று மூடி மேஜையில் வீசிவிட்டு, அந்த எரிச்சல் தணிய ஓர் இளநீர் குடித்தால் தேவலை என்று வெளியே வந்தான். மேடையை ஒட்டி நின்ற தென்னையில் நஞ்சப்பன் குலை வெட்ட ஏறியிருந்தான். அன்று அவன் அந்த மரத்து வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருமூர்த்திதான் கையைத் தட்டிக் கூப்பிட்டு, எனக்கு ஓர் இளநீர் போடப்பா என்று மறுபடி மேலே ஏற்றினான்.

நஞ்சப்பன் ஏறினான், வெட்டினான், மட்டையில் கால் வழுக்கி விழுந்தான். விழுந்தவன் பாதி மரத்தில், மல்லாந்த வாக்கில், ஒரு கையில் இளநீரும் மறு கையில் அரிவாளுமாக அந்தரத்தில் அப்படியே நின்றான். பக்கத்தில் ஒரு குலையும் நின்றது.

"அண்ணா, நான் உளுந்துட்டனுங்களா, இல்லீங்களா?" என்று மேலிருந்து கேட்டான்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள், கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள், நட்ட கல் போல அசையவில்லை. கீழே ஆள் உயரத்துக்குத் தேங்காய் நார் மஞ்சியைக் குவித்து வைத்துவிட்டு, விழுந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் இதை விபத்து என்று எழுதுவதா, நடந்துகொண்டிருக்கும் விபத்து என்று எழுதுவதா என்று தாலுகா ஆபீசுக்குக் கடிதம் போட்டார், பதில் இன்னும் வரவில்லை. ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. நஞ்சப்பனின் மனைவி வேலாத்தாள் தொரட்டிக்கோலின் நுனியில் தூக்குப்போசியைக் கட்டிச் சோறு அனுப்பினாள். நாவிதர் ஏணியில் ஏறிச் சவரம் செய்துவிட்டு வந்தார். அவன் இருந்த உயரத்துக்குப் பல்லடம் ரோடு வளைவு வரைக்கும் தெரிந்ததால், பஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை தானாக அவனிடம் போய்ச் சேர்ந்தது, கலியாணத்துக்குப் போகிறவர்கள் மரத்தடியில் நின்று ஏனப்பா, நாலாம் நம்பர் வருதா என்று கேட்டுவிட்டுப் புடவையை நீவிக்கொண்டார்கள். அவன் நிழல் மேடையில் விழுகிற நேரத்தில் எடை தப்பாகக் காட்டுகிறது என்று தேங்காய் வியாபாரிகள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

வேலாத்தாள் மட்டும் பழகவில்லை. தென்னை மரத்தில், மட்டை உதிர்ந்த தழும்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும் அல்லவா, புருஷனின் குதிகால் எந்த வளையத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்தபடி மூன்று நாளும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், லாரியும் வராமல் வேறு புத்தகமும் இல்லாமல், திருமூர்த்தி வேண்டாவெறுப்பாக டம்ளர் புஸ்தகத்தை எடுத்து முப்பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தான். அடுத்தது பாசி. நாலு பக்கத்துக்குப் பாசி. வழக்கம்போலத் தாண்டினான்.

வெளியே ஓர் அலறல் கேட்டது. நஞ்சப்பன் கண்ணிமைக்கும் நேரத்தில் சரேலென்று இறங்கி மறுபடி நின்றிருந்தான். குலையிலிருந்து அறுந்த ஒரு காய் மட்டும் நிற்காமல் வந்து, மூன்று நாளும் விழாத வேகத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு விழுந்ததுபோல, ஆள் உயர மஞ்சிக் குவியலைத் துளைத்து அதற்குக் கீழே மூன்றடி மண்ணுக்குள் போய்விட்டது. ஊர் அந்தக் குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. வேலாத்தாள் குழியைப் பார்க்கவில்லை, நேரே அறைக்குள் வந்தாள்.

"நீங்க இப்ப என்ன பண்ணுனீங்ண்ணா?"

"ஒண்ணும் பண்ணல அம்மிணி. பக்கந்தான் திருப்புனேன்."

"எத்தன பக்கம்?"

"நாலு."

"நாலு வளையம் எறங்கிட்டாரு. அதுக்கு முந்தி ஒரு வளையம் மெதுவா எறங்குனாரு. அப்ப என்ன பண்ணுனீங்க?"

"அப்ப... படிச்சேன்."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உயர்நிலைப் பள்ளி பௌதிக ஆசிரியர் சோமசுந்தரம் மட்டும், பாதிப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதியது இவர்தான் என்பதால் படித்து இறக்கவும் இவரால்தான் முடியும் என்பது விஞ்ஞானமாகாது என்று சொல்லி, புத்தகத்தை வாங்கி நல்ல கணீர்க் குரலில் பத்துப் பக்கம் படித்துப் பார்த்தார். நஞ்சப்பன் ஒரு நூல்கூட அசையவில்லை. ஆசிரியர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் லீவு போட்டார்.

வேலாத்தாள் மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டாள், அதில் திருமூர்த்தியை உட்கார வைத்தாள், எதிரே தரையில் தான் உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் பார்ப்பதும் தாண்டுவதில்தான் சேரும் என்று சொல்லி, அதை அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்ண்ணா" என்றாள். "அதனால சத்தம் போட்டுப் படீங்க. நீங்க ஒரு வரி உட்டாலும் அவரு குதிகாலு எனக்குச் சொல்லீரும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆறு பக்கம், சாயங்காலம் ஆறு பக்கம். அதற்குமேல் படித்தால் நஞ்சப்பனுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது, கீழே இருப்பவர்களுக்கும் அது நல்லதில்லை. தாண்டிய நாலு பக்கப் பாசியையும் முதலில் படிக்க வைத்தாள். அதைப் படித்ததால் அவன் மேலே ஏறிவிடவில்லை, ஆனால் கதை விட்டுப்போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். திருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். ஒவ்வொரு வரியும் அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள். வலது பக்கம் இன்னும் எத்தனை தடிமன் பாக்கி என்று கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான், அந்தத் தடிமன்தான் நஞ்சப்பனின் உயரம் என்பது நினைவுக்கு வந்ததும் விரலை எடுத்துக்கொண்டான். நான்தானே அவனை மறுபடி ஏற்றினேன் என்ற எண்ணம் ஒவ்வொரு பக்க முடிவிலும் வந்து நின்றது. அதை மட்டும் தாண்டிப் போக அவனுக்கு வழி தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஊருக்குக் கதை பிடித்துப்போய்விட்டது. நாலாம் நாளிலிருந்து பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள், லாரி டிரைவர்கள் எடை போட்ட பிறகும் கிளம்பாமல் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கேட்டார்கள், பதினொரு விஞ்ஞானக் கதை வாசகர்களும் திருமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமல் கடைசி வரிசையில் நின்று கேட்டார்கள். வாசலுக்கு வந்து திரும்பிப் போன அந்த ஆள் யார் என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அவள் தம்பிதான் என்று ஒரு கட்சி, கட்டிக்க இருந்தவன் என்று ஒரு கட்சி, நஞ்சப்பன் இரண்டாவது கட்சி. அந்தம்மா டம்ளரை எட்டிப் பிடித்தால்தான் என்ன என்று மேலிருந்து அவன் கேட்டபோது, பிடித்துவிட்டால் அப்புறம் யாரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று வேலாத்தாள் கீழிருந்து பதில் சொன்னாள். கலியாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் கோபமில்லாமல் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பஸ் மட்டும் சரியாகத் தெரிவதில்லை என்று குறை வந்தது, இறங்க இறங்க நஞ்சப்பனுக்கு ரோடு சுருங்கிக்கொண்டே வந்தது, கொஞ்சம் மெதுவாகத்தான் படியுங்களேன் என்று பஸ்ஸுக்குப் போகிறவர்கள் திருமூர்த்தியிடம் வந்து சொன்னார்கள்.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் முன்னூற்றுப் பதினோராம் பக்கம் முடிந்தது. டம்ளர் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. மிதிபட்டு அமுங்கிப் பாய்போல் ஆகிவிட்ட மஞ்சிக்கு ஒரு முழம் மேலே நஞ்சப்பனின் முதுகு இருந்தது, ஒரு வளையத்துக்கு ஒரு முழம் பாக்கி என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லைதான், கடைசிப் பக்கம் கனமானதாக இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. வேலாத்தாள் ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

பக்கம் முழுவதும் திருமூர்த்தியின் கையெழுத்து. அதற்கு அடியில், தடித்த கறுப்பு மையில் மூழ்கிப்போய், கதையின் கடைசி இருபது வரி. அதுவரை அவன் படித்த புத்தகங்களின் கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருந்திருக்கிறது, இந்தப் பதிப்பகம் தாளை மிச்சம் பிடித்திருக்கிறது, அவனும் பார்க்காமல் எழுதிவிட்டான். வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள், பூதக் கண்ணாடி வைத்தார்கள், பின்பக்கம் மாவு தடவிப் பார்த்தார்கள். "யாரும் படிக்க வேண்டாம்" என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

கமலவேணி அக்கா சென்னையில் இருந்த பதிப்பகத்துக்கு போன் போட்டார். அந்தப் புத்தகம் விற்கவில்லை, மிச்சத்தையெல்லாம் காகிதக் கூழுக்குப் போட்டுவிட்டோம், எழுதியவர் எங்கே என்று தெரியாது என்றார்கள். இன்னும் நாலு ஊர் நூல் நிலையங்களில் கேட்டுப் பார்த்தார், ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. ஒரு முழ உயரந்தானே, படக்கென்று விழட்டுமே என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் மண்ணில் இருந்த அந்தக் குழியைப் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லீருங்ண்ணா" என்றாள் வேலாத்தாள்.

திருமூர்த்தி எத்தனையோ முடிவுகளைப் படித்தவன்தான், ஆனால் அவன் படித்த முடிவுகளெல்லாம் ஒரே மாதிரி. இருபத்தொன்பதாம் நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அப்போது வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு ராக்கெட் வந்தது, என்றான்.

நஞ்சப்பன் அரை முழம் ஒரே குலுக்கில் இறங்கினான். அரிவாள் அவன் கையிலேயே துள்ளியது.

"ராக்கெட்டு வேண்டாங்ண்ணா." வேலாத்தாள் குறுக்கிட்டாள். "அந்தப் பொண்ணு கீழ உக்காரட்டும். அத மட்டும் சொல்லுங்க."

சரி, அவள் உட்கார்ந்தாள், என்றான் திருமூர்த்தி. நஞ்சப்பன் அசையவில்லை. எங்கே உட்கார்ந்தாள்? தரையில். என்ன தரை? வேறு கிரகத்துத் தரைக்கு அவன் எங்கே போவான், இருபத்திரண்டு வருஷம் கால் வைத்திருந்த எடைமேடை அறைத் தரையைத்தான் அவனுக்குத் தெரியும், அதையே சொன்னான். சிவப்புக் காவி போட்ட சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு விரிசல், விரிசலோரம் எறும்பு வரிசை, காலையில் ஜன்னல் வெயில் ஒரு பாய் அளவுக்கு விழும், பதினோரு மணிக்கு அது சுருங்கிச் சுவரில் ஏறிவிடும். நஞ்சப்பன் ஒரு விரற்கடை இறங்கினான். திருமூர்த்தி டம்ளரைச் சொன்னான். விளிம்பில் ஒரு நசுங்கல், அது எப்போது எந்த வீட்டில் எதற்காக விழுந்த நசுங்கல், வயிற்றில் வெட்டியிருந்த பெயர், அது தேய்ந்து போனாலும் விரலால் தடவினால் தெரியும். தண்ணீரைச் சொன்னான். தண்ணீரில் கூரை தெரிந்ததைச் சொன்னான். அவன் ஆயுசில் தாண்டிய வர்ணனைகளெல்லாம் வரிசையில் நின்று, இப்போது சொல்லு என்று கேட்டதுபோல இருந்தது. வெயில் ஏறியது, அவன் நிறுத்தவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. அவள் டம்ளரைப் பிடிக்கவில்லை, அது வந்து சேரும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், கையின் பின்புறம் தரையில் பட்டுச் சில்லென்றிருந்தது, டம்ளர் வந்து உட்கார்ந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அவ்வளவுதான், என்றான்.

கண்ணைத் திறந்தபோது நஞ்சப்பன் மஞ்சி மேல் மல்லாந்து கிடந்தான், அவன் முதுகுக்கு அடியில் வேலாத்தாளின் கை இருந்தது. அவளுக்கும் ஒரு கீறல் இல்லை. நஞ்சப்பன் எழுந்து நிற்கப் பார்த்தான், கால் மறந்து போயிருந்தது, பெண்டாட்டியின் தோளைப் பிடித்து இரண்டு எட்டு வைத்து, ஒரு மாதமாக விடாமல் பிடித்திருந்ததை நீட்டினான்.

"நீங்க கேட்ட எளநீங்ண்ணா."

திருமூர்த்தி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதான். கூட்டத்தைப் பற்றியெல்லாம் அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் கமலவேணி அக்கா புத்தகத்தின் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, விதிப்படி இப்போது தீர்ப்பு எழுது என்று கொடுத்தார். பதினொரு வாசகர்களும் கூடி நின்றார்கள். திருமூர்த்தி வெகுநேரம் யோசித்துச் சின்னப் பேனாவால் எழுதினான். "ராக்கெட் இல்லை. எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஒரு வரியையும் தாண்டாமல் படிக்கவும். தி.மூ." ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அதை எடுத்துப் போனார்கள், தாளெல்லாம் வாழைநார் போல ஆகிவிட்டது. வேலாத்தாள் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள், திருமூர்த்தி சொன்ன முடிவை நம்புவதற்கில்லை, ஒருநாள் அசல் பிரதி கிடைத்தால் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

ஆனியில் புதிதாக ஒரு விண்வெளிச் சண்டைப் புத்தகம் வந்தது. எண்ணூறு பக்கம், முதல் பக்கத்திலேயே குண்டு. அக்கா அதை ஒளித்து வைத்திருந்து ஆசையாக எடுத்துக் கொடுத்தார். திருமூர்த்தியும் ஆசையாகத்தான் ஆரம்பித்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கப்பல் வெடித்தது. "கப்பலில் இருந்த இருநூறு பேரும் விழுந்தார்கள்" என்று ஒரே வரி, அடுத்த வரியில் தளபதி சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். திருமூர்த்தி அந்த வரிக்கு மேல் போகவில்லை. விரலை அதிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து, மேடையின் நடுவில் நின்று, ஒரு லாரி வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புத்தகத்தை அவன் படித்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. திருப்பிக் கொடுத்தபோது பதினொரு பேரும் அடித்துப் பிடித்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "வேகம் கொஞ்சம் அதிகம்" என்று எழுதியிருந்தான்.